காற்றும் கரியமில வாயுவும்

மஸ்கெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4000 அடி உயரத்தில் அமைந்த ஊர். தை மாதத்து அதிகாலையில், மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின்மேல் மூடுபனி படர்ந்திருக்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கச் செல்லும் மக்களுக்குக் குளிரின் தன்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்களுள் ஒருவர் ஹட்டனுக்குச் சென்று புகையிரதம் ஏறினால், அன்றைய தினமே கொழும்பின் வெயிலில் வியர்த்து நிற்பார். ஒரு பகற்பொழுதில் கடந்துவிடக்கூடிய இந்த வெப்ப வேறுபாடே காற்றுத் துப்பாக்கியின் வரலாற்றில் ஒரு பெரிய வழக்கைத் தீர்த்துவைத்தது.

வெடிமருந்து இன்றி, அடைத்துவைத்த வாயுவின் விசையால் ஈயச் சன்னத்தைச் செலுத்துவது காற்றுத் துப்பாக்கி. காற்றுக் கைத்துப்பாக்கியால் 10 மீற்றர் தூரத்திலுள்ள இலக்கைச் சுடும் போட்டி, 1988ஆம் ஆண்டு சியோல் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகளில் இடம்பெற்றது. இலக்கின் நடுவேயுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர் மாத்திரமே. சன்னத்தின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அது படும் இடம் மாறும். அவ்வாறு சில மில்லிமீற்றர் விலகினாலே புள்ளி போய்விடும். எனவே இங்கு வேண்டப்படுவது மிகுந்த வலிமையன்று. முதற் சூட்டுக்கும் இறுதிச் சூட்டுக்கும் மாறாத ஒரே விசை. அவ்விசையைத் தரவல்லது அமுக்கிய காற்றா, கரியமில வாயுவா என்பதே வழக்கு.

இவ்விரண்டினுள் மூத்தது காற்றே. ஜிராண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரிய இராணுவம் 1780ஆம் ஆண்டளவில் ஏற்றுக்கொண்டது. அதன் அடிப்பாகமே காற்றறை. புகையின்றி, பேரோசையின்றிப் பல குண்டுகளை அடுத்தடுத்துச் செலுத்த வல்லதாயினும், அதற்கு இரு குறைகள் இருந்தன. காற்றறையை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை பம்பு அடிக்க வேண்டும். ஒவ்வொரு சூட்டின் பின்னும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும்.

இவ்விரு குறைகளுக்கும் மருந்தாக வந்தது கரியமில வாயு. பாடசாலை நூல்கள் காபனீரொட்சைட்டு என்று குறிப்பதும், சோடாப் போத்தலைத் திறந்தவுடன் பொங்கி எழுவதும் இதுவே. இதனை அழுத்தித் திரவமாக்கலாம் என்பதை மைக்கல் பரடே 1823இல் காட்டினார். அந்நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான போல் ஜிஃபார் இத்திரவத்தைக் கொண்டு இயங்கும் துப்பாக்கியை உருவாக்கினார். கலத்தினுள் திரவம் எஞ்சியிருக்கும் வரை, வெளியேறிய வாயுவின் இடத்தைத் திரவம் ஆவியாகி நிரப்பும். அழுத்தம் தானாகவே நிலைபெறும். 1980களில் போட்டிக்குரிய கைத்துப்பாக்கிகள் பலவற்றில் கரியமில வாயுக் கலம் பொருத்தப்பட்டதற்கு இவ்வசதியே காரணம்.

ஆயினும் அந்த நிலைபேறு வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டது. 15 பாகை செல்சியசில் கலத்தினுள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு அழுத்தம் இருக்கும். 30 பாகையில் அது 70 மடங்கைத் தாண்டிவிடும். 31 பாகைக்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் இவ்வாயு திரவமாகாது என்பதை பெல்பாஸ்ற் நகரத்துத் தோமஸ் அன்ட்ரூஸ் 1869இல் விளக்கினார். ஆகவே மஸ்கெலியாவின் விடியற்குளிரில் குறியைச் சரிசெய்த ஒருவர், கொழும்பின் நண்பகலில் அதே துப்பாக்கியை எடுத்தால் அது வேறொரு துப்பாக்கிபோல நடந்துகொள்ளும். விரைந்து சுட்டாலோ, திரவம் ஆவியாகும்போது கலமே குளிர்ந்து விசை தளரும். கையும் கண்ணும் பிழையாதிருக்க, கருவியால் தோல்வி வருவதை எந்த வீரர்தான் பொறுப்பார்?

1990களில் காற்று மீண்டும் அரங்கேறியது. முக்குளிப்போர் பயன்படுத்தும் பெரிய காற்றுக் கலத்திலிருந்து துப்பாக்கியின் சிறு கலத்தை நிரப்பும் முறை வந்ததால் பம்பு அடிக்கும் உழைப்பு நீங்கியது. 200 வளிமண்டல அளவில் அடைக்கப்பட்ட காற்றை, அழுத்தச் சீராக்கி என்னும் உறுப்பு ஒரே அளவுக்கு இறக்கித் தந்ததால் இரண்டாவது குறையும் அகன்றது. 15 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சென்றால் கரியமில வாயுவின் அழுத்தம் 40 வீதத்துக்குமேல் உயர, காற்றின் அழுத்தமோ 5 வீதமளவே உயரும். அச்சிறு வேறுபாட்டையும் சீராக்கி அடக்கிவிடும். எஞ்சியுள்ள காற்றின் அளவை அழுத்தமானியில் கண்ணால் காணலாம். கரியமில வாயுக் கலத்தையோ எடைபோட்டே அறிய வேண்டும்.

இதனாற் கரியமில வாயு பயனற்றதாகிவிடவில்லை. 12 கிராம் அடைத்த சிறு குப்பிகள் எளிதிற் கொண்டுசெல்லத்தக்கவை. அவற்றுக்குப் பம்பும் வேண்டாம், பெருங்கலமும் வேண்டாம். பொழுதுபோக்குக்கும் ஆரம்பப் பயிற்சிக்கும் அவை இன்றும் உதவுகின்றன. எதுவாயினும் கலத்தை வெயிலில் விடலாகாது. அதன் காலவரம்பு கடந்தபின் பயன்படுத்தலும் ஆகாது.

உலகப் போட்டிகளில் இன்று மேலோங்கி நிற்பது அமுக்கிய காற்றே. ஒருகாலத்தில் கைவிடப்பட்டது பழையதென்பதால் ஒதுங்கிவிடவில்லை. குறைகள் களையப்பட்டபோது திரும்பி வந்தது. வசதியை நாடி வந்த வாயுவோ, குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறியதால் இடம் பெயர்ந்தது. மலைநாட்டில் பழகும் இளைஞரும் சமவெளியில் பழகும் இளைஞரும் ஒரே வரிசையில் நின்று போட்டியிடும்போது, காலநிலை எவர் பக்கமும் சாயாமலிருக்க வேண்டும் அல்லவா? அந்த நீதியைக் காற்றே வழங்கியது.