ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோர்

ரோபோவை இயக்கும் மென்பொருளுக்கு முதலில் அதன் உடம்பை எழுதிக் காட்ட வேண்டும். இது பழைய பழக்கம்தான். 1955இல் டெனாவிற், ஹார்ட்டன்பேர்க் என்ற இருவர், இயந்திர மூட்டு ஒவ்வொன்றையும் நான்கு எண்களால் குறிக்கலாம் என்றார்கள். ரோபோக் கைகளையும் பிறகு அப்படியே எழுதினார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, கலிபோர்னியாவின் வில்லோ கராஜ் நிறுவனம் வளர்த்த ரோஸ் மென்பொருளில், முழு உடம்பும் யூஆர்டிஎஃப் என்ற ஒரு கோப்புக்குள் வந்தது. அங்கே நீளம் மீற்றரில். வடிவத்தை மில்லிமீற்றரில் வரைந்து கொடுத்தால் ரோபோ ஆயிரம் மடங்கு பெருத்து நிற்கும். 'இரண்டு வேர்கள்' என்று பிழை காட்டினால், ஏதோ ஒரு பாகத்தை மூட்டோடு இணைக்க மறந்திருக்கிறோம். திருத்தினால் சரி.

ஆனா எல்லாம் எங்கட பிழையில்லை. யூஆர்டிஎஃப் உடம்பை ஒரு மரமாகப் பார்க்கிறது: ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரேயொரு பெற்றோர். 1980களில் சுவிட்சர்லாந்தில் ரேமொன் கிளாவெல் உருவாக்கிய டெல்டா ரோபோவிலோ மூன்று கைகள் சேர்ந்து ஒரே தட்டைப் பிடிக்கின்றன. அந்தத் தட்டுக்கு மூன்று பெற்றோர். கோப்பு வருவதற்கு முன்பே அந்த ரோபோ இருந்தது. இருந்தும் அதை உள்ளபடி எழுத அங்கே இடமில்லை. எஸ்டிஎஃப் என்ற இன்னொரு கோப்பு வடிவம் அதற்கு இடம் தருகிறது.

ஆகவே கோப்போடு இரவெல்லாம் மல்லுக்கட்ட முதல், அந்த விதி எந்த உடம்பை நினைத்து எழுதப்பட்டது என்றும் கேட்டுப் பார்ப்போம்.