உரிமமும் உதவியும்: பொறியியல் ஒப்புருவாக்க மென்பொருளும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரும்

பொறியியல் ஒப்புருவாக்க மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாலமொன்று சுமையைத் தாங்குமா, நிலத்தின் கீழ் நீர் எத்திசையிற் செல்லும் என்பனவற்றைச் சமன்பாடுகளாக வகுத்துக் கணனியில் இயக்கிப் பார்க்கும் இந்நெறியை யார் தொடக்கினார் என்பதை அறிய நூல்கள் பல உள. அச்செய்நிரல்கள் எந்நிபந்தனையின்பேரில் எவர் கைக்கு வந்தன, இடர் நேர்ந்தபோது எவரிடம் கேட்க வேண்டியிருந்தது என்னும் வினாக்களோ வணிகர் விவகாரமென ஒதுக்கப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நோக்குமிடத்து இவையே தலையாய வினாக்களாகின்றன. அது ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

மென்பொருள் தனிப் பண்டமாக விலைபெறத் தொடங்கியமை அண்மைக்கால நிகழ்வே. 1969 யூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது பொறிகளின் விலையினின்றும் செய்நிரல்களையும் பொறியியலாளர் சேவையையும் பிரித்து வெவ்வேறாக விலையிடப் போவதாக அறிவித்தது. அதற்கு முன்னர் பொறியை வாங்கியோர்க்கும் வாடகைக்குப் பெற்றோர்க்கும் செய்நிரலும் உதவியும் உடன்வந்தன. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ஐக்கிய அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மீது ஏகபோகத் தடுப்பு வழக்கொன்றைத் தொடுத்திருந்தமை ஈண்டு கருதத்தக்கது. ஓர் ஏகபோகத்தின் கட்டு நெகிழ்ந்தபோது புதிய பண்டமொன்று பிறந்தது; அப்பண்டம் காலப்போக்கில் தனக்குரிய ஏகபோகங்களைத் தானே தோற்றுவித்துக்கொண்டது.

இதற்கு நாஸ்ட்ரான் செய்நிரலின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விண்கலங்களின் கட்டமைப்பைப் பகுத்தாராய்வதற்கென 1960களின் நடுப்பகுதியில் நாசா நிறுவனம் பொதுப்பணத்தைக் கொண்டு ஆக்குவித்த செய்நிரல் அது. அவ்வேலையைச் செய்த ஒப்பந்தகாரருள் மக்நீல்-ஷ்வெண்ட்லர் நிறுவனமும் ஒன்று. நாசாவின் பிரதி பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட சிறிது காலத்தில், 1971 இல், அந்நிறுவனம் தான் மேம்படுத்திய பிரதியை வணிகப் பொருளாக்கிற்று. 1999 இல் நாஸ்ட்ரான் வழிவந்த பிரதிகளை விற்றுவந்த வேறிரு நிறுவனங்களையும் அதுவே வாங்கிக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு தலையிட்டதன் பேறாக, 2002 இல் தன் மூலநிரலின் பிரதியைப் பிறர்க்கு உரிமமாக வழங்க அந்நிறுவனம் இணங்க வேண்டியதாயிற்று. மக்கள் வரிப்பணத்திற் பிறந்த கணிதம் மக்களுக்கே விற்கப்பட்ட கதை இது. பின்னர் 2017 இல் அந்நிறுவனம் சுவீடன் நாட்டு ஹெக்சகன் குழுமத்தின் கைக்கு மாறிற்று. 1970 இல் ஜோன் சுவான்சன் தொடக்கிய அன்சிஸ் நிறுவனத்தை 2025 இல் சினொப்சிஸ் நிறுவனம் ஏறத்தாழ 3,500 கோடி டொலருக்கு வாங்கியது. உரிமம் பெற்ற பல்கலைக்கழகத்தைக் கேட்டு இம்மாற்றங்கள் நிகழ்வதில்லை.

உரிமம் என்பதன் இயல்பையும் நோக்க வேண்டும். மென்பொருளை வாங்குபவர் பொருளொன்றைப் பெறுவதில்லை. பயன்படுத்தும் அனுமதியையே பெறுகின்றார். அவ்வனுமதி பலவிடத்தும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. கணனியிற் செருகும் சிறு மின்னணுத் திறப்பாலோ, ஒரே வேளையில் எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்பதை எண்ணும் உரிம வழங்கியாலோ அது காவல் செய்யப்படுகிறது. பராமரிப்புக் கட்டணம் தனியே உண்டு. அக்கட்டணம் நின்றால் திருத்திய பிரதியும் வராது. ஐயந்தீர்க்கும் விடையும் வராது. பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த விலையிலும் இலவசமாகவும் வழங்கப்படும் கற்பித்தற் பிரதிகள் பல, கணிக்கக்கூடிய சிக்கலின் அளவை வரையறுப்பதோடு ஊதியம் பெறும் ஆலோசனை வேலைக்கு அவற்றைப் பயன்படுத்துவதையும் தடைசெய்கின்றன. விரிவுரையாளர் அவற்றைக்கொண்டு பாடம் நடத்தலாம். பிரதேச சபையொன்று கட்டணஞ் செலுத்திக் கேட்கும் கேள்விக்கு விடை காண இயலாது. திருட்டுப் பிரதிகள் எங்கும் உலவுவது நாடறிந்த செய்தி. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனிச் செய்நிரல்களுக்குப் பாதுகாப்பு வழங்குகின்றமையால், அத்தகைய பிரதியாற் பெற்ற முடிவை நீதிமன்றின் முன் வைக்க எவரும் துணியார்.

விற்போனின் உதவியைச் சார்ந்திருத்தல் என்பது பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் உள்ளனவென்ற எடுகோளைக் கொண்டது. குடாநாடு அவ்வெடுகோளைப் பலமுறை இழந்து கண்டது. 1990 இல் கண்டிவீதி மூடப்பட்டது. தேசிய மின்வலையமைப்பின் இணைப்பும் அறுந்தது. அவ்வாண்டுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். உற்பத்தியாளர்களே வரலாற்றினின்றும் மறைந்துவிட்ட பின்னரும் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தமையை நம்மில் முதியோர் அறிவர். உள்ளூர்ப் பட்டறைகளில் உதிரிப்பாகங்களைக் கடைந்தெடுத்த கம்மியர் எவரிடமும் உரிமம் கேட்கவில்லை. மூடியைக் கழற்றினால் இயந்திரம் தன்னைக் காட்டிற்று. மூலநிரல் மறைக்கப்பட்ட மென்பொருளுக்கு அத்தகைய மூடி இல்லை.

இவ்வேறுபாட்டின் பாரதூரத்தன்மை நீர்விடயத்திலேயே முழுமையாக வெளிப்படுகிறது. வற்றாத ஆறு எதுவுமற்ற குடாநாட்டில் மயோசீன் காலச் சுண்ணக்கல்லினுள் தங்கும் மாரிமழை நீரே நன்னீர். அது உவர்நீரின்மீது வில்லை வடிவில் மிதக்கின்றது. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்போர் வகுத்த விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்பின் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நேரும் இழப்பு எத்தகையதென்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். 1954 இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' எனும் திட்டத்தை முன்வைத்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், ஆனையிறவு முதலிய கடனீரேரிகளை நன்னீராக்குவதைப் பற்றிய கணிப்புகளைத் தாளிலேயே செய்தார். அத்திட்டம் இன்றுவரை முற்றுப்பெறவில்லை. கணனி ஒப்புருவாக்கம் இருப்பின் அவர் எழுப்பிய வினாக்களுக்குப் பல மாரிகாலங்களையும் வறட்சிகளையும் தொடர்ச்சியாக இயக்கிப் பார்த்து விடை தேடலாம்.

இதற்குரிய செய்நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன என்பது மனங்கொளத்தக்கது. ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் மக்டொனால்ட், ஹார்போ ஆகியோர் 1984 இல் மொட்ஃப்ளோ செய்நிரலை வெளியிட்டனர்; அவ்வாண்டிலேயே அத்திணைக்களத்தின் கிளிஃபோர்ட் வொஸ் உவர்நீர் ஊடுருவலையும் கணிக்கத்தக்க சூத்ரா செய்நிரலை வெளியிட்டார். இவையும் பொதுப்பணத்தின் படைப்புகளே. நாஸ்ட்ரானுக்கு நேர்ந்தது இவற்றுக்கு நேராமைக்குக் காரணம், மூலநிரலும் அதனை வரிக்குவரி விளக்கும் கைந்நூலும் ஒருங்கே பொதுவில் நிலைத்தமையாகும். மொட்ஃப்ளோவுக்கு எழில்மிகு முகப்புகளைச் செய்து விற்ற நிறுவனங்கள் உண்டு. உட்கருவை அவை கவர்ந்துகொள்ள முடியவில்லை.

நமது சுண்ணக்கல்லுக்கு இத்திறந்தநிலை இன்றியமையாதது. மொட்ஃப்ளோவின் அடிப்படை எடுகோள், மணற்படுகையிற்போல நீர் நுண்டுளைகளினூடே மெல்லக் கசியும் என்பதாகும். கீரிமலைக் கேணியையும் புத்தூர் நிலாவரையையும் கண்டவர்க்கு நமது பாறை அத்தகையதன்று என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இங்கு குகைகளும் பிளவுகளும் உள; அவற்றில் நீர் கால்வாயில் ஓடுவதைப்போல ஓடும். மூலநிரல் திறந்திருந்தமையாலேயே அத்தகைய ஓட்டத்தைக் கணிக்கும் பகுதியொன்று 2008 இல் மொட்ஃப்ளோவுடன் இணைக்கப்பட்டது. மூடிய மென்பொருளாயின் எடுகோள் பிழைத்ததா என்பதை அறியவே விற்போனின் மறுமொழிக்குக் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

எனினும் விலையின்மையைக் கண்டு மயங்குதல் தகாது. இலவசச் செய்நிரலுக்கு உதவி கூறும் கடமை எவர்க்கும் இல்லை. சுன்னாகம் அனல்மின் நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, மாசு எப்பக்கம், எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதே மக்கள் கேட்ட கேள்வி. 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. அடுத்த கிணறு தப்புமா என்பதற்கு இழப்பீடு விடையாகாது. அவ்விடையைக் காணப் பாறையின் ஊடுபுகவிடும் இயல்பும், பல ஆண்டுத் தொடர்ச்சியான நீர்மட்ட அளவீடுகளும், செய்நிரலின் உட்புறத்தை அறிந்த இருவர் மூவரேனும் இங்கேயே இருத்தலும் வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்கு உரிமங்களை வாங்கிக் குவிப்பதினும், இத்தகையோரை உருவாக்குவதும் மொட்ஃப்ளோவின் கைந்நூலைத் தமிழில் ஆக்குவதும் முந்திய பணி என்பது எமது கருத்து.

2024 இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை வழங்குமாறு அமைந்த அந்நிலையம் குடிநீருக்கானது. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் இன்னும் கிணற்று நீரிலேயே விளைகின்றன. சுண்ணக்கல்லின் கீழுள்ள வில்லையின் வரவுசெலவுக் கணக்கு எழுதப்படாமலே கிடக்கின்றது.