மலைக்குக் காவல் இருந்த ஊர்

ஒரு கதாசிரியன் இந்த ஊரைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், "நம்பும்படியாக இல்லையே!" என்று பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் ஊர் உண்மையிலேயே இருக்கிறது. தென் அமெரிக்காவில் ஈக்வடார் தேசத்தில், ஆண்டிஸ் மலைகள் அமேசான் காட்டை நோக்கி இறங்கத் தொடங்கும் இடத்தில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெயர் பான்யோஸ் தே அகுவா சாந்தா. 'புனித நீரின் குளியலிடங்கள்' என்று பொருள்.

பெயருக்கு ஏற்ற ஊர்தான். விடியற்காலைக் குளிரில் பாட்டிமார்களும் பேரக் குழந்தைகளும் துண்டும் கையுமாகக் கிளம்புகிறார்கள். பாறையிலிருந்து அருவி ஒன்று விழுகிறது. அதன் காலடியிலேயே வெந்நீர்த் தொட்டிகள். தண்ணீர் மஞ்சளும் பழுப்புமாக, ஆவி பறக்க இருக்கிறது. கழுத்துவரை அமிழ்ந்து, உடம்பு சிவந்ததும் எழுந்து, பச்சைத் தண்ணீரில் நனைந்து, மறுபடியும் வெந்நீருக்கே திரும்புகிறார்கள். கடைத்தெருவில் கரும்புப் பாகை மரக் கொம்பில் மாட்டி, இழுத்து இழுத்து வெளுக்க வைக்கிறார்கள். நம் ஜவ்வு மிட்டாய்க்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். துணிச்சல் உள்ளவர்கள் பஸ்தாசா ஆற்றில் ரப்பர்ப் படகு விடுகிறார்கள். உடம்பில் கயிறு கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிக்கிறார்கள்.

எல்லாம் சரி, இத்தனை வெந்நீருக்கு அடுப்பு எங்கே?

அடுப்பு ஊரின் தலைக்கு மேலேயே இருக்கிறது. துங்குராகுவா என்ற எரிமலை. உயரம் 5,023 மீட்டர். கெச்சுவா மொழியில் அந்தப் பெயருக்கு 'நெருப்புத் தொண்டை' என்று அர்த்தம் சொல்கிறார்கள். மலைநாட்டு ஜனங்கள் அவளைத் தாயார் என்பார்கள். சற்றுத் தள்ளி நிற்கும் சிம்பொராசோ அவளுடைய புருஷன். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மலையின் சூட்டில் காய்ந்து, கல்லின் உப்புக்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. பிழைப்பைக் கொடுப்பதும் அவள்தான். பயத்தைக் கொடுப்பதும் அவள்தான்.

இதில் ஒரு விசித்திரம். ஊர் அவளுடைய காலடியில் கிடப்பதாலேயே, தெருவில் நின்றால் உச்சி தெரியாது. சரிவு மறைத்துவிடுகிறது. தாயாரின் முகம் பார்க்க வேண்டுமானால் குன்றின் மேல் ஏற வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1773, 1886 ஆகிய வருஷங்களில் மலை சீறியது. 1916 முதல் 1918 வரை மறுபடியும் சீறியது. ஊர் மாதா கோயிலுக்குள் போனால், சுவரெங்கும் மாதாவின் அற்புதங்களைச் சொல்லும் பெரிய ஓவியங்கள். அவற்றிலும் நெருப்புக் கக்கும் மலையைக் காணலாம். அப்புறம் எண்பது வருஷ அமைதி. தாத்தாக்களின் பயம் பேரன்மார்களுக்குக் கதையாகிவிட்டது.

1999-ல் அந்தக் கதை உயிர் பெற்று எழுந்தது. பூமி அதிர்ந்தது, சாம்பல் பறந்தது. அபாயம் நெருங்குகிறது என்றார்கள் விஞ்ஞானிகள். அக்டோபர் மாதத்தில் சர்க்கார் உத்தரவு போட்டது. பான்யோஸிலும் சுற்றுப்புறங்களிலும் இருந்த சுமார் 25,000 பேர் வீடு, ஆடு மாடு, கடை கண்ணி எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். சாலையில் பட்டாளம் காவல் நின்றது.

அந்த வருஷம் ஈக்வடாருக்கே போதாத காலம். மார்ச் மாதத்திலேயே வங்கிகளில் ஜனங்கள் போட்டிருந்த பணத்தைச் சர்க்கார் முடக்கி வைத்திருந்தது. வீட்டை விட்டு வந்தவன் சேமிப்பையும் எடுக்க முடியாது. உறவினர் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? வாரங்கள் மாதங்களாயின. எதிர்பார்த்த பெரிய வெடிப்போ வரவில்லை.

2000-ஆம் வருஷம் ஜனவரி தொடக்கத்தில் ஜனங்கள் கூட்டமாகத் திரண்டு, தடுத்த சிப்பாய்களோடு மோதி, தங்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி நாட்டின் ஜனாதிபதி மஹுவாதே பதவி இழந்தார் என்பது வேறு கதை.

இதைத் தைரியம் என்பதா, மடமை என்பதா? எனக்கு நீண்ட நாள் இந்தச் சந்தேகம் இருந்தது. விஞ்ஞானிகள் பொய் சொல்லவில்லை, அபாயம் இருந்தது. ஜனங்களும் பொய் சொல்லவில்லை. எரிமலை கொல்லலாம், பசி நிச்சயமாகக் கொல்லும். இரண்டு உண்மைகள் மோதும்போது எந்தப் பக்கம் நியாயம் சொல்வது?

நியாயம் சொன்னது ஜனங்கள் திரும்பி வந்த பிறகு செய்த காரியம்தான். விவசாயிகளும் ஊர்க்காரர்களுமாகச் சிலர் 'விஹியா' என்ற காவலர்களானார்கள். சம்பளம் கிடையாது. மலை தெரியும் இடங்களில் இருந்துகொண்டு, சத்தத்தையும் புகையையும் கவனித்து, தினமும் இரவு 8 மணிக்கு ரேடியோக் கருவி மூலம் எரிமலை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொன்னார்கள். விஞ்ஞானிகளும் அவர்கள் வார்த்தையை அலட்சியம் செய்யவில்லை. சண்டையிட்ட இரு தரப்பாரும் ஒரே மலையைச் சேர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

2006 ஆகஸ்டு 16-ஆம் தேதி இரவு பரீட்சை வந்தது. கொதிக்கும் சாம்பலும் கல்லும் சரிவுகளில் பாய்ந்தன. ஹுயிவே கிராந்தே என்ற இடத்தில் வீடுகள் அழிந்தன. காவலர்களின் எச்சரிக்கையால் ஜனங்கள் முன்பே விலகியிருந்தார்கள். ஆனால் தென்மேற்கே பலிதாகுவாவில் உயிர்கள் போயின. ஆகையால் இதை வெற்றிக் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழித்திருந்தவர்கள் பலரைக் காப்பாற்றினார்கள். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. 2016-ல் மலை ஓய்ந்தது.

குன்றின் மேல் ஒரு மரவீடு இருக்கிறது. அதில் கட்டிய ஊஞ்சலில் ஆடிப் படம் எடுத்துக்கொள்ள உலகெங்கிலுமிருந்து வாலிபர்கள் வருகிறார்கள். காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு, கண்ணுக்கு எதிரே துங்குராகுவா! அந்த மரவீடு மலையைக் கண்காணிக்க ஒரு காவலர் இருந்த இடம் என்பது ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ? நீங்கள் என்றாவது அங்கே போனால் தாராளமாக ஊஞ்சல் ஆடுங்கள். ஆனால் இறங்கு முன், எத்தனையோ இரவுகள் அங்கே ஒருவர் தூங்காமல் இருந்ததை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். கீழே வெந்நீரில் நிம்மதியாகக் குளிக்கும் பாட்டிமார்களின் நிம்மதிக்கு அதுதான் விலை.