250 மீட்டர் வட்டம்: அட்ஹாக் கம்பியில்லா வலையமைப்புகளில் வழிகாண் நெறிமுறைகளை ஒப்பிட்ட வரலாறு

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிகளை மதிப்பிடச் செல்பவர்களுக்கு ஒரு தலைப்பு நன்கு பழகியிருக்கும்: நடுநிலையமின்றிக் கருவிகளே தமக்குள் செய்தியைக் கைமாற்றும் அட்ஹாக் வலையமைப்புகளுக்கான டிஎஸ்டிவி, டிஎஸ்ஆர், ஏஓடிவி ஆகிய வழிகாண் நெறிமுறைகளை என்எஸ்-2 சிமுலேட்டரில் ஓட்டி ஒப்பிடுவது. கணுக்கள் எனப்படும் 50 கருவிகள், சில வரைபடங்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு வெற்றியாளர். உழைப்பு குறைவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. மாணவர்கள் இரவெல்லாம் விழித்துத்தான் அந்த வரைபடங்களை எடுக்கிறார்கள். ஆனால் அந்த 50 எங்கிருந்து வந்தது, கணுக்கள் ஓடும் அந்த நீண்ட செவ்வகத்தை வகுத்தவர் யார், இரு கணுக்களுக்கு இடையே இணைப்பு உண்டு என்று சிமுலேட்டர் எதை வைத்து முடிவு செய்கிறது என்ற கேள்விகள் அந்த அறிக்கைகளில் எழுவதில்லை. அவற்றுக்கான விடைகள் 1998இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கின்றன. அதற்கும் முன்கதை உண்டு.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இது: வானொலி இணைப்பு என்பது 'உண்டு, இல்லை' என்ற இரண்டில் அடங்காது என்பதை 1970களில் களத்தில் நின்றவர்கள் அறிந்திருந்தார்கள். 1990களின் சிமுலேட்டர்களில் அந்த அறிவு தொலைந்தது. 2003 வாக்கில் உண்மையான கருவிகளோடு நடந்த சோதனைகள் அதைத் திருப்பித் தந்தன. இடைப்பட்ட காலத்து ஒப்பீடுகளை இந்த இழப்பை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

வேனில் ஏறிய வானொலி

கம்பியில்லாமல் தரவுப் பொதிகளை அனுப்பும் முயற்சி 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனின் அலோஹா வலையமைப்பில் நடைமுறைக்கு வந்தது. அங்கே வழி தேடும் சிக்கல் எழவில்லை. எல்லா முனையங்களும் ஒரே நடுநிலையத்தோடுதான் பேசின. ஒரு கணு இன்னொரு கணுவின் பொதியை வாங்கிக் கைமாற்ற வேண்டும் என்ற நிலை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான தார்பா சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் அமைத்த 'பிஆர்நெட்' என்னும் பொதி வானொலி வலையமைப்பில் வந்தது. ராபர்ட் கான் முன்னெடுத்த திட்டம் அது. மலையுச்சிகளில் மறுபரப்பிகள் நின்றன. எஸ்ஆர்ஐ நிறுவனத்தின் வேன் ஒன்று வானொலியைச் சுமந்துகொண்டு ஓடியது. 1976 ஆகஸ்ட் 27 அன்று போர்ட்டோலா வேலியில் ராசாட்டி மதுவிடுதியின் வெளிமுற்றத்தில் அந்த வேனை நிறுத்தி, பொதி வானொலி வழியாக, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு ஓர் அறிக்கையை அனுப்பினார்கள். இணைய வரலாற்றில் இந்நிகழ்ச்சியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வழிகாணலின் வரலாற்றில் அந்த வேனுக்குள் இருந்த அட்டவணைகள் அதைவிட முக்கியமானவை.

பிஆர்நெட்டின் நெறிமுறைகளை ஜூபின், டோர்னோ இருவரும் 1987இல் விரிவாகப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு வானொலியும் 7.5 நொடிக்கு ஒருமுறை தான் இருப்பதையும், தனக்குத் தெரிந்த சேரிடங்கள் எத்தனை தாவல் (ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) தொலைவில் உள்ளன என்பதையும் அறிவிக்கும். அண்டைக் கணுக்கள் அதைக் கேட்டுத் தம் அட்டவணையைத் திருத்திக்கொள்ளும். இதுவரை இது வழக்கமான தொலைவுத் திசையன் முறைதான். அண்டைக் கணுக்களின் அட்டவணையில் இன்னொரு நிரலும் இருந்தது. அண்டைக் கணு அனுப்பியவற்றில் நமக்கு எத்தனை வந்தன, நாம் அனுப்பியவற்றில் அதற்கு எத்தனை போய்ச் சேர்ந்தன என்று இரு திசையிலும் எண்ணி, இணைப்பின் தரத்தை அந்த நிரல் குறித்து வைத்தது. தரம் குறைந்த இணைப்பை வழிக்கணக்கில் சேர்க்கவில்லை. மேட்டில் ஏறினால் கேட்டு, பள்ளத்தில் இறங்கினால் மங்கும் வானொலியோடு பழகியவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய கண்டுபிடிப்பாகவே பட்டிருக்காது.

வரிசை எண்ணும் தேவைக்கேற்ற தேடலும்

1990களில் மடிக்கணினியும் வாங்கும் விலையில் கம்பியில்லா அட்டையும் வந்ததும் இத்துறை ராணுவத்தின் கையிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. புதியவர்களின் முதல் கவலை பழைய அர்பாநெட்டிலிருந்து வந்த ஒரு நோய். அ, ஆ, இ என்று மூன்று கணுக்கள் வரிசையாக நிற்கின்றன என்று கொள்வோம். இ விலகிப் போய்விட்டது. ஆவுக்கு அது தெரியும். ஆனால் "இ எனக்கு இரண்டு தாவல்" என்று அ பழைய செய்தியைச் சொல்ல, ஆ அதை நம்பி "அப்படியானால் எனக்கு மூன்று" என்று எழுதிக்கொள்ளும். அதைக் கேட்டு அ நான்கு என்று எழுதும். இல்லாத கணுவுக்கான பொதி இரண்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பி வலையில் எப்போதாவது வரும் இந்தச் சுழற்சி, கணுக்கள் நகரும் வலையில் ஓயாத நோயாகிவிடும்.

ஐபிஎம்மில் இருந்த சார்ல்ஸ் பெர்கின்சும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பிரவீன் பாக்வத்தும் 1994இல் வெளியிட்ட டிஎஸ்டிவி, இதற்குக் கண்ட மருந்து எளிமையானது. சேரிடக் கணு தன்னைப் பற்றி அறிவிக்கும்போதெல்லாம் ஓர் இரட்டைப்படை வரிசை எண்ணைக் கூட்டி அனுப்பும். பெரிய எண்ணைத் தாங்கி வரும் செய்தியே புதியது. இணைப்பு முறிந்ததைக் கண்ட கணு, அடுத்த ஒற்றைப்படை எண்ணோடு 'தொலைவு முடிவிலி' என்று அறிவிக்கும். மேலே சொன்ன அவின் பழைய செய்தி சிறிய எண்ணோடு வருவதால் ஆ அதைத் தள்ளிவிடும். இத்துறையில் இவ்வளவு சிறிய ஒரு கருத்து இவ்வளவு நீண்ட ஆயுளோடு வாழ்ந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே 1994இன் இறுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன் எதிர்த்திசையிலிருந்து தொடங்கினார். யாரும் யாரோடும் பேசாத நேரத்தில் எல்லா வழிகளையும் புதுப்பித்துக்கொண்டிருப்பது எதற்கு என்று கேட்டார். தேவை வரும்போது வினாவை வலை முழுக்கப் பரப்பலாம். வினா கடந்துவந்த கணுக்களின் பெயர்ப்பட்டியலே வழியாகிவிடும். அந்த முழுப்பட்டியலையும் பொதியின் தலைப்பகுதியில் எழுதி அனுப்பிவிடலாம். டேவிட் மால்ட்சோடு சேர்ந்து அவர் வளர்த்த டிஎஸ்ஆர் இதுதான். பெர்கின்சும் எலிசபெத் ராயரும் முன்வைத்து, 1999இல் கட்டுரையாக வெளியிட்ட ஏஓடிவி, டிஎஸ்ஆரின் தேடலையும் டிஎஸ்டிவியின் வரிசை எண்ணையும் ஒன்றாக்கியது. பொதி முழுவழியையும் சுமக்காது. ஒவ்வொரு கணுவும் அடுத்த தாவலை மட்டும் நினைவில் வைத்திருக்கும். பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் உருவான ஓஎல்எஸ்ஆர், வலை முழுவதன் வரைபடத்தையும் ஒவ்வொரு கணுவிலும் வைத்திருக்கும் மரபைச் சேர்ந்தது. செய்தியை மறுபடி பரப்பச் சில அண்டைக் கணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்து இரைச்சலைக் குறைத்தது. இணையப் பொறியியல் பணிக்குழு 1997இல் இத்தகைய நகரும் வலையமைப்புகளுக்கென ஒரு செயற்குழுவை அமைத்தது. 2003இல் ஏஓடிவியும் ஓஎல்எஸ்ஆரும் சோதனைநிலை ஆவணங்களாக வெளிவந்தன. டிஎஸ்ஆர் 2007 வரை காத்திருந்தது.

1998: ஒப்பீட்டுக்கு ஒரு களம்

இத்தனை முன்மொழிவுகளையும் ஒரே தராசில் நிறுத்தும் பணியை ஜான்சனின் குழு மேற்கொண்டது. ப்ராக், மால்ட்ஸ், ஜான்சன், ஹூ, ஜெட்சேவா ஆகியோர் 1998இல் மோபிகாம் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வில் 50 கணுக்கள் 1500 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் உள்ள பரப்பில் 900 நொடிகள் நகர்ந்தன. பரப்பைச் சதுரமாக வைக்காமல் நீட்டியது பல தாவல் வழிகள் அமையட்டும் என்பதற்காக. ஒவ்வொரு கணுவும் ஏதோ ஓர் இடத்தைக் குறித்து, நொடிக்கு 20 மீட்டர் வரையிலான ஏதோ ஒரு வேகத்தில் அங்கே போய், சற்று நின்று, மறுபடி புறப்படும். வானொலியின் எட்டு தூரம் 250 மீட்டர்.

முடிவுகள் தெளிவாக இருந்தன. கணுக்கள் அதிகம் நகராதபோது டிஎஸ்டிவி நன்றாக நடந்தது. ஓயாது நகர்ந்தபோது அதன் அட்டவணைகள் நிலைமையை எட்டிப் பிடிக்க முடியாமல் பின்தங்கின. டோரா என்ற நான்காவது நெறிமுறை, போக்குவரத்து கூடியதும் தன் கட்டுப்பாட்டுச் செய்திகளின் பாரத்திலேயே நெரிந்தது. டிஎஸ்ஆரும் ஏஓடிவியும் முன்னே நின்றன. இரண்டாண்டுகள் கழித்து தாஸ், பெர்கின்ஸ், ராயர் ஆகியோர் நெருக்கடியான சூழல்களில் ஏஓடிவி டிஎஸ்ஆரை விஞ்சுவதைக் காட்டினார்கள். டிஎஸ்ஆர் தன் நினைவகத்தில் சேர்த்துவைத்த பழைய வழிகளே அதற்குக் காலில் கட்டிய கல்லாயின.

கவனமும் நேர்மையும் கொண்ட ஆய்வு அது. அந்த மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது அதன் பெருந்தன்மை. அதனாலேயே அதன் களம் துறையின் பொதுக்களமாகிப் போனது. அந்தக் களத்தில் 249 மீட்டரில் நிற்கும் கணுவுக்கு இணைப்பு முழுமையாக உண்டு; 251 மீட்டரில் அறவே இல்லை. மழுங்கிய விளிம்பு என்பதே கிடையாது. பிஆர்நெட் பொறியாளர்கள் 7.5 நொடிக்கு ஒருமுறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்த அந்த நிரலுக்கு இங்கே வேலையே இல்லை.

களத்தின் மற்ற குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. யூன், லியூ, நோபிள் மூவரும் 2003இல் காட்டியது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிய வேகத்தையும் தொலைவான இடத்தையும் சேர்த்துத் தேர்ந்த கணு, அந்த ஒரே பயணத்தில் மாட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக இப்படி மாட்டிக்கொண்டவை கூடி, வலையின் சராசரி வேகம் இறங்கிக்கொண்டே போகும். சராசரி நொடிக்கு 10 மீட்டர் என்று ஆய்வாளர் எழுதியிருப்பார். உள்ளே ஓடுவது அதுவாக இருக்காது. 2005இல் குர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலக்ராசோ ஆகியோர் மோபிஹாக் மாநாட்டின் சிமுலேட்டர் அடிப்படையிலான 114 கட்டுரைகளைச் சோதித்தபோது, வேறொருவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் தந்தவை 15 விழுக்காட்டுக்கும் குறைவு.

நெறிமுறைகளுக்கே எட்டாத ஓர் எல்லையும் உண்டு. பியூஷ் குப்தாவும், சென்னை ஐஐடியில் இளநிலைப் பட்டம் பெற்ற பி. ஆர். குமாரும் 2000இல் நிறுவியது இது: கணுக்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு கணுவுக்கும் கிடைக்கும் தரவு வேகம் ஏறத்தாழ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். கணுக்கள் 100 மடங்கானால் ஒவ்வொன்றின் பங்கும் 10இல் ஒன்றுக்கும் கீழே போய்விடும். சிறந்த வழியைக் கண்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சென்னை ஐஐடியின் சி. சிவராம் மூர்த்தியும் பி. எஸ். மனோஜும் 2004இல் எழுதிய பாடநூல் வழியாக இத்துறைக்குள் நுழைந்த நம் மாணவர்கள் பலர். அவர்கள் நெறிமுறை அத்தியாயத்தோடு நின்றுவிடாமல் இந்தக் கொள்ளளவுக் கணக்கையும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

களத்தில் மீண்டும் கிடைத்தது

ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தின் லுண்ட்கிரென், நார்ட்ஸ்ட்ரோம், சூடின் மூவரும் ஏஓடிவியை உண்மையான மடிக்கணினிகளில் ஓட்டியபோது ஒரு புதிர் எழுந்தது. வழி இருப்பதாக அட்டவணை சொன்னது. தரவு போய்ச் சேரவில்லை. அண்டைக் கணுவைக் கண்டறிய அனுப்பும் 'ஹலோ' செய்தி சிறியது. எல்லோருக்குமான அறிவிப்பு என்பதால் குறைந்த வேகத்தில் போகும், ஆகவே வெகுதூரம் எட்டும். தரவுப் பொதியோ பெரியது. உயர்ந்த வேகத்தில் போகும், அவ்வளவு தூரம் எட்டாது. ஹலோ எட்டித் தரவு எட்டாத அந்த இடைவெளிக்கு 2002இல் அவர்கள் 'சாம்பல் மண்டலம்' என்று பெயரிட்டார்கள். அது 250 மீட்டர் வட்டத்தின் விளிம்பிலேயே இருந்தது. குறைந்த தாவல்களைத் தேடும் எந்த நெறிமுறையும் நீளமான தாவல்களையே விரும்பும். நீளமான தாவல்கள் விளிம்பில்தான் கிடைக்கும். ஆகவே இருப்பதிலேயே மோசமான இணைப்புகளை நெறிமுறை தானே தேடிப் போய் எடுத்தது.

அடுத்த ஆண்டு எம்ஐடியில், பின்னாளில் ரூஃப்நெட் என்ற கூரை வலையமைப்பைக் கட்டிய குழுவைச் சேர்ந்த டி கூட்டோ, அகுவாயோ, பிக்கெட், மாரிஸ் நால்வரும் தாவல் எண்ணிக்கையின் இடத்தில் 'ஈடிஎக்ஸ்' என்ற அளவை வைத்தார்கள்: ஒரு பொதி போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும்? ஒரே தாவலில் சேரிடத்தை எட்டும் வழி ஒன்று உண்டு. ஆனால் போகும்போது பாதி, ஒப்புகை திரும்பும்போது பாதி தொலைகிறது என்றால் சராசரியாக 4 முறை அனுப்ப வேண்டும். இரண்டு தாவல் வழியில் ஒவ்வொரு திசையிலும் பத்தில் ஒன்பது போய்ச்சேருமானால், ஒரு தாவலுக்கு 1.23, இரண்டுக்கும் சேர்த்து 2.47 முறைதான். பழைய கணக்கில் முதல் வழி வெல்லும். கள நிலவரத்தில் இரண்டாவதே மேல். 29 கணுக்கள் கொண்ட சோதனைக்களத்தில் இந்த அளவை அவர்கள் டிஎஸ்ஆரோடும், 1998இல் பின்தங்கிய டிஎஸ்டிவியோடும் சேர்த்து ஓட்டினார்கள். நீண்ட வழிகளில் இரண்டுமே முன்னேறின. எந்த நெறிமுறை என்பதைவிட எதை அளக்கிறோம் என்பது பெரிதாகிப் போனது.

அதன் பிறகு கதை வேகமாக நகர்கிறது. பெர்லினில் ஃப்ரைஃபுங்க் என்ற குடிமக்கள் வலையமைப்பு ஓஎல்எஸ்ஆரை ஈடிஎக்ஸோடு ஓட்டியது. முழு வரைபடத்தைச் சிறிய ரவுட்டர்கள் சுமக்க முடியாமல் திணறியபோது 'பேட்மேன்' என்ற புதிய நெறிமுறை அங்கே பிறந்தது. பாரிசில் யூலியுஷ் க்ரோபோசெக் உருவாக்கிய 'பேபல்', டிஎஸ்டிவியின் வரிசை எண்ணையும் ஈடிஎக்ஸ் அளவையும் இணைத்து 2011இல் சோதனைநிலை ஆவணமாக வெளிவந்து, 2021இல் முறையான தரநிலைப் பாதையில் ஏறியது. ஏஓடிவியின் தேடல்முறை ஜிக்பீ சாதனங்களிலும் 802.11எஸ் வைஃபை மெஷ் தரநிலையிலும் வாழ்கிறது. அதன் 2003 ஆவணத்தைச் சில இடங்களில் பொருள்கொள்ளும் முறையைப் பொறுத்து, வரிசை எண் இருந்தும் சுழற்சி உண்டாகலாம் என்று வான் க்ளாபேக் குழுவினர் 2013இல் முறைசார் கணிதத்தால் நிறுவினார்கள். ஆயிரக்கணக்கான சிமுலேட்டர் ஓட்டங்களில் சிக்காத ஒன்று அது.

ஆனால் இப்படிப் பிழைத்த வலைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். கூரை ஆன்டெனா, மின்விளக்கு, உணரி என்று பெரும்பாலானவை நின்ற இடத்தில் நிற்பவை. நகரும் கணுக்களுக்கு ஈடிஎக்ஸ் முழு விடை தரவில்லை. மைக்ரோசாஃப்டின் ட்ரேவ்ஸ், பத்யே, ஸில் ஆகியோர் 2004இல் 23 கணுக்களோடு சோதித்தபோது, எல்லாம் அசையாமல் இருந்தவரை ஈடிஎக்ஸ் முந்தியது. அனுப்பும் கணினியை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததும் பழைய தாவல் எண்ணிக்கையே வென்றது. ஓர் இணைப்பின் தரத்தை அறிய நொடிக்கு ஒரு பொதி வீதம் 10 நொடிகள் எண்ண வேண்டும் என்பது ஈடிஎக்ஸின் முதல் வடிவம். 1998 களத்தின் உச்ச வேகத்தில், அந்த 10 நொடிக்குள் கணு 200 மீட்டர் போயிருக்கும்.