கை மரத்துப் போகுதா? காரணம் கீபோர்டா, மவுஸா? ஆய்வுகள் சொல்வது என்ன?

தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என எந்த ஊர் இ-சேவை மையத்துக்குப் போனாலும் காட்சி ஒன்றுதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என மக்கள் வரிசையில் நிற்க, ஆபரேட்டரின் கை மவுஸை விட்டு நகராது. "ராத்திரி ஆனா விரல் மரத்துப் போகுது" என்று சொன்னால், "டைப் அடிச்சு அடிச்சு வந்திருக்கும்" என்பார்கள். அது சரியா?

மணிக்கட்டில் என்ன நடக்கிறது?

விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை வழியாகச் செல்கின்றன. அங்கே நெருக்கடி கூடினால் நரம்பு நசுங்கும். இதுதான் 'கார்பல் டனல் சிண்ட்ரோம்'. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், பாதி மோதிர விரல் மரத்துப் போகும். சுண்டு விரல் மட்டும் மரத்தால் காரணம் வேறாக இருக்கலாம்.

ஆய்வு சொல்வது என்ன?

டென்மார்க்கில் 2000, 2001 ஆண்டுகளில் நடந்த ஆய்வில் 6,943 பேர் பங்கேற்றனர். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களுக்கு இந்த அறிகுறிகள் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. கீபோர்டுக்கு அப்படி உறுதியான தொடர்பு தெரியவில்லை. அதேநேரம், கம்ப்யூட்டர் வேலையைப் பெரிய ஆபத்தாகவும் அந்த ஆய்வு சொல்லவில்லை.

மவுஸில் என்ன சிக்கல்?

14 பேரிடம் நடத்தி 1999-ல் வெளியான ஆய்வில் மணிக்கட்டுப் பாதையின் அழுத்தத்தை அளந்தார்கள். மவுஸ் மேல் கையைச் சும்மா வைத்திருந்ததைவிட, அதை நகர்த்தி இழுத்தபோது அழுத்தம் கணிசமாகக் கூடியது.

என்ன செய்யலாம்?

* மவுஸை கீபோர்டுக்கு ஒட்டியே வையுங்கள். கையை நீட்டிப் பிடிக்க வேண்டாம்.
* மணிக்கட்டு மேலே வளையாமல் நேராக இருக்கட்டும்.
* படிவத்தில் அடுத்த கட்டத்துக்குப் போக 'டேப்' பட்டனைத் தட்டினாலே போதும். ஒவ்வொரு முறையும் கிளிக் தேவையில்லை.
* ஒரு விண்ணப்பம் முடிந்ததும் கையை உதறி, விரல்களை விரித்து மடக்குங்கள்.

டாக்டரிடம் எப்போது?

மரத்துப்போய் தூக்கம் கலைந்தாலோ, டம்ளர் கை நழுவினாலோ தள்ளிப்போடாதீங்க. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். ஆரம்பத்திலேயே போனால் இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிவதே பலருக்குப் பலன் தரும். விட்டுவிட்டால் கட்டை விரலின் அடிச்சதை மெலிந்து, அறுவை சிகிச்சை வரை போகலாம்.