மெட்ஃபார்மின்

மெட்ஃபார்மின்: இரண்டாம் வகை நீரிழிவு வியாதிக்கு வாய்வழியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் பெரும்பாலும் முதலாவதாக வழங்கப்படுவது, இரசாயன வகையில் பைகுவனைடு என்னும் இனத்தைச் சேர்ந்தது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 'சுகர் மாத்திரை' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதையோ, இது சேர்ந்த கூட்டு மாத்திரையையோ குறிக்கும். பட்டாசுத் தொழில் செழித்த இப்பகுதியில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: வெடிக்குள் செலுத்தும் கலவையும் மருந்துதான், வைத்தியர் எழுதித் தருவதும் மருந்துதான். ஓர் அறையில் இவ்வளவு மருந்தே இருக்கலாம், இத்தனை பேரே அமரலாம் என்று விதி வரையறுத்த ஆலையில் பழகியவர்களுக்கு, அளவு தவறினால் மருந்தின் குணமே மாறிவிடும் என்பதைத் தனியே போதிக்க வேண்டுவதில்லை; அந்த ஞானம் மாத்திரைக்கும் பொருந்தும்.

வரலாறு: ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் வழங்கிய கலேகா அஃபிசினாலிஸ் என்னும் செடியில் குவனிடீன் சார்ந்த பொருள்கள் உண்டு, குவனிடீன் சர்க்கரையைத் தாழ்த்தும் என்று கண்டதிலிருந்து கிளைத்த ஆராய்ச்சியின் முடிவே இம்மருந்து. 1922ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் என்னும் இருவர் இதனை முதன்முதல் ஆக்கினர். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆனால் தீப்பெட்டி மறு வருஷமே சிவகாசியில் உருவாகத் தொடங்க, மெட்ஃபார்மினோ 1957இல் ஷான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நோயாளிகளிடம் அதன் பயனை நிறுவும்வரை நீரிழிவு மருந்தாக வழங்காமலே கிடந்தது. அதன் இனத்ததாகிய ஃபென்ஃபார்மின், இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைப் பெருக்கி உயிருக்கு ஆபத்து விளைவித்தமையால் 1970களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அமெரிக்காவில் மெட்ஃபார்மினுக்கு அனுமதி 1994இல்தான் கிடைத்தது. 1998இல் வெளிவந்த பிரிட்டிஷ் நீண்டகால ஆய்வு, உடல் பருத்த நோயாளிகளிடம் இது மாரடைப்பையும் நீரிழிவால் நேரும் மரணத்தையும் குறைத்ததைக் காட்டிய பிறகு, இதன் ஸ்தானம் உறுதிப்பட்டது.

செயல்: நாம் உண்ணாதிருக்கும் வேளையிலும் கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த உற்பத்தியை இம்மருந்து மட்டுப்படுத்துகிறது. தசைகள் இன்சுலினுக்கு இணங்கிச் சர்க்கரையை ஏற்கவும் துணைசெய்கிறது. கணையத்தை வருத்தி அதிக இன்சுலினைச் சுரக்கச் செய்யாததால், தனியே உட்கொள்ளும்போது சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வது அரிது.

அட்டையை வாசித்தல்: மாத்திரை அட்டையின் இடப்பக்கத்துச் செங்கோடு, வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத மருந்து என்பதற்கு அடையாளம். 500, 850, 1000 என்னும் எண்கள் மில்லிகிராம் அளவுகள். 'எஸ்.ஆர்.' என்றிருப்பின் மருந்து மெல்ல மெல்லக் கரையும். அதனைப் பொடித்தோ மென்றோ தின்னலாகாது. அதன் வெற்றுக்கூடு சில சமயம் மலத்தில் வெளிப்படுவதைக் கண்டு மாத்திரை கரையவில்லை என்று கலங்க வேண்டுவதுமில்லை. 'எம்1', 'எம்2' என வருவன பெரும்பாலும் கிளிமிபிரைடு என்னும் வேறொரு மருந்து 1 அல்லது 2 மில்லிகிராம் கூடியவை. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது காலாவதித் தேதி மற்றத் துண்டோடு போய்விடுவதுண்டு. அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம்.

உட்கொள்ளும் முறை: உணவோடு அல்லது உணவு முடிந்தவுடன் உட்கொள்வதே விதி, குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தணியும். விடியுமுன் ஆலை வண்டியைப் பிடிக்க ஓடும் தொழிலாளி, தூக்குச்சட்டியைத் திறக்காமலே கிளிமிபிரைடு கூடிய மாத்திரையை விழுங்கிவிட்டு மருந்து அறைக்குள் அமர்ந்தால், சர்க்கரை மிகத் தாழ்ந்து கைந்நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் தோன்றக்கூடும்; அவ்விடத்தில் நடுங்கும் கை அவருக்கு மட்டுமன்றி அருகிருப்போர்க்கும் ஆபத்து. அந்நிலையில் சர்க்கரை கரைத்த நீரை உடனே பருகி, வேலையை விட்டு வெளியேற வேண்டும்.

எச்சரிக்கை: சிறுநீரகம் மிகப் பழுதுற்றவர்களுக்கு இது ஆகாது, ஆகவே கிரியாட்டினின் பரிசோதனை அவசியம். கடும் வாந்தி, பேதி, நீர் வறட்சி நேர்ந்தாலும், ஸ்கேன் எடுக்க அயோடின் சாயம் செலுத்த நேர்ந்தாலும் வைத்தியரிடம் சொல்லித் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வரலாம். மிதமிஞ்சிய மதுபானம் லாக்டிக் அமில விபரீதத்துக்கு வழிசெய்யும். பல்லாண்டுப் பிரயோகத்தில் பி12 உயிர்ச்சத்துக் குறையக்கூடும். அக்குறையாலும் கால் மரத்துப்போகலாம் என்பதால், அதை வியாதியின் குணம் என்றே எண்ணி வாளாவிருத்தல் தவறு.

கிடைக்கும் வழி: அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் நீரிழிவு மாத்திரைகளை வீட்டிலேயே சேர்ப்பிக்கின்றனர்.

பத்தியம்: திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பெரும்பாலும் உண்ணும் அளவையே பேசுகிறது என்பது கருதத்தக்கது. எண்ணெயில் பொரித்த விருதுநகர்ப் பரோட்டாவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் அளவு மீறினால், மாத்திரை தனித்து நின்று ஈடுசெய்யாது. இம்மருந்து சர்க்கரையை அடக்குவதேயன்றி வியாதியை வேரறுப்பதன்று; எனவே பரிசோதனையில் அளவு இறங்கிவிட்டது என்பதற்காக, வைத்தியர் சொன்னாலன்றி இதனை நிறுத்தலாகாது.