சானடோரியப் படுக்கையும் வீட்டுப் பாயும்

சென்னையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் பயணம் செய்வோர் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையப் பெயரை நாள்தோறும் கேட்கின்றனர். அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளருக்கென அங்கு நிறுவிய இல்லத்தின் நினைவே அது. தூய காற்று, நல்லுணவு, நெடிய ஓய்வு ஆகியவையே அந்நாளில் சயரோகத்துக்கு மருந்து. மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், நோயாளி வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும். உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு இது எத்தகைய மருந்து என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் ‘உலக நலவாழ்வு’ ஒரு தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அதைக் கற்கத் தொடங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் உண்மைகளுள் ஒன்று கசப்பானது: இத்துறை ஏழையின் நலனுக்கென்று பிறந்ததன்று. 1899இல் இலண்டனில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது, காலனி நாடுகளில் பணிபுரிந்த ஆங்கிலேயரின் உடல்நலமே அதன் பெருங்கவலையாக இருந்தது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் தோன்றிய பின்னரே பார்வை மெல்லத் திரும்பியது. அவ்வாறு திரும்பிய இடங்களுள் ஒன்று நம் சென்னை.

1950களில் இந்தியாவில் காசநோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவே. அதற்குள் ஐசோனியசிட், பாஸ் என்னும் மருந்துகள் வந்துவிட்டன. இவற்றை வீட்டிலேயே உட்கொண்டால் நோய் தீருமா? இதற்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து 1956இல் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதை வழிநடத்தினார். நகரின் ஏழை நோயாளர் 193 பேர் குலுக்கல் முறைபோல் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றனர்; மறு பிரிவினர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலேயே தங்கினர். இருவர்க்கும் மருந்து ஒன்றே, ஓராண்டுக் காலத்துக்கு.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டின் இறுதியில் நோய்க்கிருமி அடங்கியவர் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. அந்த இடைவெளியும் தொடர்ந்த ஆண்டுகளில் நிலைக்கவில்லை. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர், ஆயினும் தேறினர். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் உறங்கிய பிள்ளைகளும் உறவினரும், சானடோரியம் சென்றோரின் குடும்பத்தாரைவிட மிகுதியாக நோயுறவும் இல்லை. மருத்துவரின் சொல்லை மீறிச் சிகிச்சையை விட்டுச் சென்றவரோ சானடோரியப் பிரிவில்தான் அதிகம். வீட்டு நினைவு யாரை விட்டது!

சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வந்ததில் சென்னையின் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. 1962இல் வகுக்கப்பட்ட நம் நாட்டின் காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையையே அடித்தளமாகக் கொண்டது. இதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் உலகம் அந்த ஆய்விலிருந்து எதை எடுத்துச் சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்த நோயாளரை அம்மையம் கைவிட்டுவிடவில்லை. மருந்து இலவசம், பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றனர், எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். இதில் கண்காணிப்பின் கடுமையும் உண்டு. ஒருவரைப் பெயர் சொல்லித் தேடி வரும் அக்கறையும் உண்டு. இரண்டையும் பிரிப்பது எளிதன்று. பிற இடங்களுக்கு மருந்து சென்ற வேகத்தில் இந்த அக்கறை செல்லவில்லை.

உணவைப் பற்றிய முடிவும் அவ்வாறே சுருக்கிப் படிக்கப்பட்டது. நல்ல மருந்திருந்தால் குறை உணவிலும் நோயாளி தேறுவார் என்பதே ஆய்வு காட்டியது. உணவு ஒரு பொருட்டன்று என்று அது சொல்லவில்லை. அவ்வீட்டுக்குள் நோய் ஏன் நுழைந்தது என்பது அன்று கேட்கப்பட்ட கேள்வியே அன்று. ஆயினும் காசநோய்ப் பணியில் உணவு நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. மாத்திரையை எண்ணுவது எளிது. அடுப்பு எரிந்ததா என்று கேட்பது கடினம்.

அந்தச் சென்னை மையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகிறது. அதன் ஆய்வாளரும் பங்குகொண்ட ஓர் ஆய்வு சார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்று 2023இல் வெளியானது. இம்முறை நோயாளரின் குடும்பத்தார் பத்தாயிரம் பேருக்குமேல் கவனிக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினர்க்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், அவற்றோடு சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் கண்டவர் தொகை, இவற்றைப் பெறாத வீடுகளைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது.